விறகு யாருக்கு இலவசம்?

கேஸ் தோம்பு (சிலிண்டர்) விலையைப் பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், போர்ட்டிக்சனை ஒட்டிய சி ரூசாவிலும் அதைச் சுற்றியுள்ள தாமான்களிலும் ஒரு வாதம் தவறாமல் தலைகாட்டும். தோட்டத்தில் இருந்த காலத்தில் அடுப்புக்கு ஒரு காசு செலவழித்தோமா? ரப்பர் விறகு கிடந்தது, எரித்தோம், சமைத்தோம், வெந்நீர் வைத்தோம். இன்று எல்லாவற்றையும் கடையில் வாங்குகிறோம். கேஸ் மானியம் என்றைக்காவது ஒருநாள் போகத்தான் போகிறது. கொல்லையில் ஒரு விறகடுப்பை வைத்துக்கொள்கிறவன்தான் புத்திசாலி.

இப்படிச் சொல்கிறவர்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் கையில் சான்றுகள் இருக்கின்றன. 2024 ஜூனில் மலேசியத் தீபகற்பத்தில் டீசல் மானியம் ஒரே இரவில் மாறி, லிட்டர் 3 வெள்ளி (ரிங்கிட்) 35 காசு ஆனதைப் பார்த்தவர்கள் அவர்கள். 2022-இல் இலங்கையில் கேஸுக்காக மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றதையும் பார்த்தார்கள். இன்னொருவர் கையில் இருக்கும் குழாயை நம்பி அடுப்பு மூட்டக் கூடாது என்ற அச்சம் நியாயமானது. அந்த அச்சத்திலிருந்து அவர்கள் வந்துசேரும் முடிவுதான் தவறு. அதுவும் ஓரிடத்தில் மட்டும் தவறில்லை.

பேச்சை ஓர் எல்லைக்குள் நிறுத்திக்கொள்வோம். நுவரெலியாவிலும் ஊட்டியிலும் இருக்கும் நம் சொந்தங்களுக்கு அடுப்பு என்பது குளிர்காயும் இடமும்கூட. நெகிரி செம்பிலான் கடற்கரையில் வீட்டைச் சூடாக்கும் தேவை எவருக்கும் இல்லை. இங்கே சூடு வேண்டுவது இரண்டுக்குத்தான்: சோறு குழம்புக்கு, அடுத்து குழந்தைக்கும் கிழவிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் வைக்கும் வெந்நீருக்கு. கணக்கையும் இந்த இரண்டுக்கே போடுவோம்.

ஒன்று. இலவசம் என்று யார் சொன்னது?

தோட்டத்து விறகு கம்பெனியின் சொத்து. ரப்பர் மரம் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் கொடுக்கும். அதன்பிறகு அந்தத் தீம்பாரையே, அதாவது ரப்பர்க் காட்டையே, அழித்து மறுநடவு செய்வார்கள். வெட்டிச் சாய்த்த மரத்தில் நல்லது ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைக்கும் கொட்டகைக்குப் போனது. மிச்சம்தான் லயத்துக்கு வந்தது. தச்சர்களோ அந்த மரத்தை அன்று தொடமாட்டார்கள். வெட்டிப் போட்ட சில நாட்களிலேயே நீலம் பாயும், வண்டு துளைக்கும். தோட்டத்துக்கு வேண்டாத கழிவை அப்புறப்படுத்தும் வேலையும் முடிந்தது, தொழிலாளிக்கு ஒரு சலுகை தந்த பெயரும் கிடைத்தது. காசாகக் கொடுத்திருக்க வேண்டிய கூலியில் ஒரு பங்கை மரமாகக் கொடுத்தார்கள் என்று சொன்னாலும் குற்றமில்லை. நாள்கூலி ஏன் அவ்வளவு தாழ்வாக இருந்தது என்று கேட்டவர்களுக்கு வீடு இனாம், தண்ணீர் இனாம், விறகு இனாம் என்ற பட்டியலை நீட்டியதும் அதே நிர்வாகம்தான்.

மரம் கிடந்தால் அது தானாக விறகாகிவிடுமா? விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, மரம் சீவி, பாலெடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்ணின் நாளில் அடுத்த வேலை அதுதான். பரங் கத்தியை எடுத்துக்கொண்டு போய், கிளையைத் தறித்து, கட்டாகக் கட்டி, தலையில் சுமந்து, லயத்துப் பின்புறம் அடுக்கி, மழையில் நனையாமல் தகரம் போட்டு மூட வேண்டும். பள்ளிவிட்டு வந்த பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு. "ஒரு காசு செலவழித்தோமா?" என்று கேட்பவர் பெரும்பாலும் ஆணாக இருப்பதைக் கவனித்திருக்கிறேன். விறகு சுமந்த பெண்ணிடம் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

இன்றைய கணக்கில் சொன்னால் இன்னும் தெளிவாகும். 2025 முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. மணிக்கு 8 வெள்ளி 72 காசு. கட்டுப்பாட்டு விலையில் 14 கிலோ தோம்பு 26 வெள்ளி 60 காசு. ஆக, சட்டப்படி குறைந்த சம்பளம் வாங்கும் ஒருவர் ஏறத்தாழ மூன்று மணி நேரம் வேலை செய்தால் ஒரு தோம்பு வந்துவிடும். அதே மூன்று மணி நேரத்தில், அந்தத் தோம்பு தரும் சூட்டுக்கு ஈடான விறகைத் தேடி, வெட்டி, பிளந்து, சுமந்து, காயவைத்து முடிக்க முடியுமா? அது எத்தனை கிலோ என்று மூன்றாவது மறுப்பில் சொல்கிறேன். இப்போதே ஊகித்து வையுங்கள்.

இரண்டு. அந்த மரம் இப்போது எங்கே இருக்கிறது?

நினைவில் இருக்கும் தோட்டம் நிலத்தில் இல்லை. 1980-களில் மலேசியாவில் ஏறத்தாழ 20 லட்சம் ஹெக்டேரில் நின்ற ரப்பர் இன்று பாதியளவுக்குச் சுருங்கிவிட்டது. போர்ட்டிக்சன் மாவட்டத்தில் மிஞ்சியிருக்கும் தோட்டங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. பல இடங்களில் லயம் இருந்த மண்ணில் இன்று தாமான் நிற்கிறது.

மிச்சமிருக்கும் ரப்பர் மரமும் விறகாகக் காத்திருக்கவில்லை. போரான் மருந்தேற்றிச் சூளையில் காயவைத்தால் பூஞ்சையும் வண்டும் அண்டாது என்று தெரிந்ததும் அந்த மரத்தின் தலையெழுத்தே மாறியது. வெளிர்நிறச் சாப்பாட்டு மேசை, நாற்காலி, கட்டில் என்று மூவாரிலிருந்து கப்பலேறிப் போகும் சாமான்களில் பெரும்பகுதி நாம் அடுப்பில் வைத்த அதே மரம்தான். விலைபோகும் மரத்தை எந்த முதலாளி உங்கள் வீட்டுப் பின்புறம் இறக்கிவிட்டுப் போவான்?

செம்பனை இருக்கிறதே என்பார்கள். செம்பனைத் தண்டு விறகாகாது. எடையில் எழுபது விழுக்காடு வரை நீர், மீதி நார். மறுநடவின்போது அதைச் சில்லுசில்லாக வெட்டி மண்ணிலேயே மக்கவிடுகிறார்கள். மட்டையும் அப்படியே வரிசைக்கு நடுவில் எருவாகிறது. செம்பனையில் உருப்படியாக எரியும் பொருள் கொட்டையின் ஓடு. அதில் ஒரு பங்கை ஆலையே தன் கொதிகலனில் எரித்துக்கொள்கிறது, இன்னொரு பங்கு ஜப்பானில் மின்நிலையம் நடத்துகிறவர்களுக்குக் கப்பலில் போகிறது. தோட்டத்தின் திட எரிபொருளுக்கு உலகச் சந்தையில் விலை வந்துவிட்ட காலத்தில் நாம் மட்டும் அதை ஓசி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கரி? கோலா செபெத்தாங்கில் சதுப்புக் காட்டு மரத்தைச் சூளையில் வேகவைத்து எடுக்கும் கரி நல்ல சரக்கு. அதற்கும் ஜப்பானில் கிராக்கி. லுக்குட் கழியோரம் போய் நாமே பாக்காவ் மரத்தை வெட்டிக்கொள்ளலாமே என்று எவரும் சொல்லமாட்டார்கள் என நம்புகிறேன். உரிமம் இல்லாமல் தொட்டால் வழக்கு வரும்.

மூன்று. சூட்டைக் கணக்கிடாமல் விறகைக் கணக்கிடுகிறீர்கள்.

இந்த வாதத்தின் முதுகெலும்பு இங்கேதான் முறிகிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம்.

ஒரு கிலோ கேஸில் ஏறத்தாழ 46 மெகாஜூல் சூடு இருக்கிறது. சாதாரணக் கேஸ் அடுப்பு அதில் பாதிக்குச் சற்று மேலே, 55 விழுக்காடு என்று வையுங்கள், சட்டிக்குள் சேர்க்கும். மீதி காற்றோடு போகும். அப்படியானால் 14 கிலோ தோம்பிலிருந்து சட்டிக்கு வந்துசேரும் சூடு ஏறத்தாழ 354 மெகாஜூல்.

விறகுக்கு வாருங்கள். நன்றாகக் காய்ந்த விறகில் கிலோவுக்கு 15, 16 மெகாஜூல். மூன்று கல் வைத்த அடுப்பு அதில் பத்திலிருந்து பதினைந்து விழுக்காட்டைத்தான் சட்டிக்குத் தரும். மீதி அக்கம்பக்கத்துக்கும் ஆகாயத்துக்கும். நடுவில் 12 விழுக்காடு என்று பிடித்தால் ஒரு கிலோ விறகு சட்டிக்குத் தருவது 1.9 மெகாஜூலுக்கும் குறைவு. ஒரு தோம்புக்கு ஈடாக வேண்டிய விறகு ஏறத்தாழ 190 கிலோ. காய்ந்த விறகைச் சொல்கிறேன். வெட்டிய பச்சை ரப்பர் மரத்தின் எடையில் நீர் மட்டுமே பாதியை நெருங்கும். அதை அப்படியே எரித்தால் முதலில் அந்த நீரைக் கொதிக்கவைக்கவே விறகு செலவாகும். எடை இரட்டிப்பாகிவிடும்.

26 வெள்ளி 60 காசை 190-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 14 காசு. சந்தையில் காய்ந்த, பிளந்த விறகு கிலோ 14 காசுக்குக் கீழே கிடைத்தால் மட்டுமே விறகு மலிவு. கரிக்கும் இதே கணக்கைப் போடலாம். கரியின் சூடு கிலோவுக்கு 29 மெகாஜூல் அளவு, அடுப்பின் திறன் இருபதுக்கு மேலே. ஐம்பது கிலோவுக்குச் சற்று மேல் வேண்டும். கேஸை வெல்ல வேண்டுமானால் கரி கிலோ அரை வெள்ளிக்குக் கிடைக்க வேண்டும். ஐம்பது காசுக்கு ஒரு கிலோ கரி தரும் கடையைப் போர்ட்டிக்சனில் காட்டுங்கள். சத்தே சுடுகிற அண்ணன்மார் எல்லாரும் உங்கள் பின்னால் வருவார்கள்.

புகைபோக்கி வைத்த நல்ல அடுப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஒழுங்காகக் கட்டியது விறகைப் பாதியாகக் குறைக்கும். 190 கிலோ 95 கிலோ ஆகும். அடுப்புக் கட்டும் செலவையும் புகைபோக்கியைச் சுத்தம் செய்யும் வேலையையும் சேர்த்துக்கொண்டு பேசுவோம் என்றால் எனக்குச் சம்மதம். நான் கேட்ட வரையில் விறகுக்குத் திரும்பச் சொல்கிறவர்கள் எவரும் அந்த அடுப்பைப் பற்றிப் பேசுவதில்லை. மூன்று கல்லையும் பாட்டியின் கைமணத்தையும் பற்றித்தான் பேசுகிறார்கள்.

கைமணத்துக்கு ஒரு வரி: கோயில் அன்னதானத்துக்கு அண்டா ஏற்றும்போது விறகு எரியட்டும். வேலியோரம் முறிந்து விழுந்த ரம்புத்தான் கிளையை எரிப்பவரோடும் எனக்குச் சண்டை இல்லை. தினசரிச் சமையல் வேறு சங்கதி.

நான்கு. வெந்நீருக்காவது விறகு?

இது அரைகுறையாக ஒத்துக்கொள்கிறவர்களின் சமரசம். சமையலுக்குக் கேஸ், குளிக்க விறகு. இருபது லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்கு ஏற்ற வேண்டிய சூடு ஒன்றேகால் மெகாஜூல்தான். கேஸில் அதற்கு 50 கிராம் போதும். கிலோ 1 வெள்ளி 90 காசு வீதம் அதன் விலை 10 காசுக்கும் கீழே. பத்துக் காசை மிச்சம் பிடிக்க ஒரு பெண் கொல்லையில் குனிந்து ஊதாங்குழலை ஊத வேண்டுமா? ஆண்டு முழுவதும் வெயில் காயும் ஊரில் கூரைமேல் ஒரு கறுப்புத் தொட்டியை வைத்தாலே மாலைக்குள் தண்ணீர் சூடேறிவிடும் என்பதும் இவர்கள் கணக்கில் வருவதில்லை.

ஐந்து. புகைக்கு விலை போடவில்லை.

2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746-ஐத் தொட்டபோது அவசரநிலை பிறப்பித்தார்கள். புகைமூட்டம் வந்தால் பள்ளியை மூடுகிறோம், முகக்கவசம் மாட்டுகிறோம், சுமத்ராவைத் திட்டுகிறோம். காற்றோட்டமில்லாத அடுப்படியில் விறகு எரியும்போது மூச்சில் ஏறும் நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம் வரை போகும். உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுச் சராசரிக்கு வைத்திருக்கும் வரம்பு 5. அதே நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2020-இல் வீட்டு அடுப்புப் புகையால் உலகில் இறந்தவர்கள் 32 லட்சம் பேர். அவர்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 2 லட்சத்துக்கும் மேல். 2010-இல் வெளியிட்ட தொகுதியில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, வீட்டில் விறகெரிக்கும் புகையை அநேகமாக மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்ற வகையில் சேர்த்தது. வீட்டுக்குள் எரிக்கும் நிலக்கரியை இன்னும் ஒரு படி மேலே, உறுதியாக உண்டாக்கும் என்ற வகையில் வைத்தது.

எங்கள் பாட்டி தொண்ணூறு வயது வரை இருந்தாள் என்று பதில் வரும். இருந்திருப்பார். அதே லயத்தில் ஐம்பதிலேயே இளைத்து, இருமி, "ஆஸ்துமா" என்று ஒரே சொல்லில் முடிந்துபோன பெண்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. உயிரோடு இருப்பவர்கள்தானே கதை சொல்ல முடியும்.

மலைநாட்டுச் சொந்தங்களைப் பற்றி மேலே சொன்னேன். அங்கே குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு தேயிலைக் கவ்வாத்துச் சுள்ளியை எரிக்கிறார்கள். சூடு வெளியேறாமல் இருக்க மூடிய கதவு புகையையும் வெளியே விடுவதில்லை. விறகுக்கு நியாயம் அதிகமாக இருக்கும் இடத்தில்தான் புகையின் கேடும் அதிகம். கரியை மூடிய அறையில் வைத்தால் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

ஆறு. இலங்கையைக் காட்டுகிறீர்களே, முழுக்கக் காட்டுங்கள்.

இதுதான் எதிர்த்தரப்பின் வலுவான வாதம். 2021 அக்டோபர் தொடக்கத்தில் இலங்கையில் 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபாய். அந்த மாதமே 2,675 ஆனது. 2022 ஏப்ரலில் 4,860. பல வாரங்கள் எந்த விலைக்கும் கிடைக்கவில்லை. கொழும்பு அடுக்குமாடியில் இருந்தவர்கள்கூட விறகு தேடினார்கள்.

சரி, அதிலிருந்து என்ன தெரிகிறது? அன்னியச் செலாவணி தீர்ந்துபோன நாட்டில் கேஸ் மட்டுமா கிடைக்கவில்லை? பெட்ரோலும் மருந்தும் பால்மாவும்தான் கிடைக்கவில்லை. அதற்காக வீட்டிலேயே மருந்து காய்ச்சப் பழகுங்கள் என்று எவரும் சொல்லவில்லை. போர்ட்டிக்சன்காரர்கள் இந்த உவமையை எடுப்பதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1960-களிலிருந்து ஒன்றல்ல, இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் நிற்கும் ஊர் இது. ஷெல், எஸ்ஸோ என்ற பழைய பெயர்கள் போய் இன்று ஹெங்யுவான், பெட்ரோன். கச்சா எண்ணெயைப் பிரிக்கும்போது சமையல் கேஸும் கூடவே வரும். கேஸ் பிறக்கும் ஊரில் இருந்துகொண்டு கேஸ் வராமல் போய்விடும் என்று விறகு அடுக்கச் சொல்கிறார்கள்.

விலை ஏறாது என்று நான் சொல்லவில்லை. மானியமில்லாத தோம்பு இன்றே மானியத் தோம்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் விற்கிறது. அந்த விலை எல்லாருக்கும் வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். மூன்று கல் அடுப்புக்கு விறகின் எல்லை கிலோ 30 காசுக்குப் பக்கத்தில் போகும். சுமைகூலி, லாரிக்கூலி, பிளக்கும் கூலி எல்லாம் அந்த முப்பது காசுக்குள் அடங்க வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் விறகு கேட்டால் அந்த விலையும் நிற்காது.

அதற்கு முன் இன்னொரு வழி இருக்கிறது. மின்தூண்டல் அடுப்பு சூட்டில் 85 விழுக்காட்டைச் சட்டிக்குக் கொடுக்கும். ஒரு தோம்பின் வேலையைச் செய்ய அதற்கு ஏறத்தாழ 116 யூனிட் வேண்டும். முதல் 200 யூனிட்டுக்கு, யூனிட் ஒன்றுக்கு 21.80 காசு என்று 2025-இன் நடுப்பகுதி வரை இருந்த வீட்டுக் கட்டணத்தில் அது 25 வெள்ளிச் சொச்சம். மானியத் தோம்பின் விலைக்கும் கொஞ்சம் கீழே. கட்டண அமைப்பு அதன்பிறகு மாறியிருக்கிறது, இனியும் மாறலாம். ஆனாலும் கேஸுக்கு மாற்று தேடுகிறவர் முதலில் தட்ட வேண்டிய கதவு கொல்லைக் கதவில்லை என்பது தெரிகிறது.

ஏழு. இந்தப் பேச்சால் யாருக்கு ஆதாயம்?

ஏழைக்கு உண்மையான தடை ஒன்று இருக்கிறது. விறகு வாதிகள் அதைச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 26 வெள்ளி 60 காசை ஒரே தவணையில் எடுத்துவைக்க வேண்டும். மாதக் கடைசியில் கையில் ஐந்து வெள்ளி இருப்பவருக்குக் கிலோ கணக்கு உதவாது. முதல் தடவை என்றால் காலித் தோம்புக்கும் ரெகுலேட்டருக்கும் அடுப்புக்கும் தனிப் பணம். உட்புறத் தோட்டத்துக்கு லாரியில் ஏற்றி வந்து இறக்கினால் அதற்கொரு கூலி. விறகையோ ஒரு சுள்ளியாகவும் எரிக்கலாம். அதன் ஒரே நிஜமான பலம் அதுதான்.

இதற்கு மருந்து சந்தையிலேயே இருக்கிறது. 10 கிலோ தோம்பு கட்டுப்பாட்டு விலையில் 19 வெள்ளி. 12 கிலோ 22 வெள்ளி 80 காசு. உங்கள் பக்கத்துக் கடைக்காரர் சின்னத் தோம்பை வைத்திருக்கிறாரா? இல்லையென்றால் ஏன் இல்லை? தோட்டத்துக் கூட்டுறவுக் கடையில் தோம்பைத் தவணையில் கொடுக்க என்ன தடை? மானியம் குறைக்கப்படும் நாளில், தோட்டத் தொழிலாளியின் குடும்பமும் தாமானுக்கு இடம்பெயர்ந்த முன்னாள் தொழிலாளியின் குடும்பமும் உதவி பெறுவோர் பட்டியலுக்குள் இருக்குமா? 1990-இன் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டப்படி, தோட்ட நிர்வாகம் தொழிலாளிக்குத் தரும் வீட்டில் தண்ணீரும் மின்சாரமும் இருக்க வேண்டும். அந்த மின்சாரம் ஓர் அடுப்பைத் தாங்கும் கம்பியில் வருகிறதா, இல்லை ஒரு விளக்கையும் காற்றாடியையும் மட்டும் தாங்குமா?

இவை தோட்ட நிர்வாகத்திடமும், விலைக் கட்டுப்பாட்டைப் பார்க்கும் உள்நாட்டு வாணிப அமைச்சிடமும், ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடமும் கேட்க வேண்டிய கேள்விகள். "நாங்கள் விறகிலேயே சமாளித்தவர்கள்" என்று நாமே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தால் அவர்கள் ஒருவரும் பதில் சொல்லவேண்டிய அவசியமில்லை. சமாளிக்கிறவனுக்கு எதற்கு மானியம் என்று பட்டியலில் ஒரு பெயர் குறையும். அந்த வீட்டில் பரங்கை எடுத்துக்கொண்டு கிளம்பப்போவது, பெருமை பேசிய அவர் இல்லை.